போனஸ் கோடும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்

புதிதாக விசில் மாட்டிக்கொண்டிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே, கோச்சுகளே,

உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொன்னவர்கள், "ஃபிட்னெஸ், சாப்பாடு, வார்ம் அப், இதையெல்லாம் சொல்லுங்க மேடம்" என்றார்கள். அதெல்லாம் உங்கள் போனிலேயே கிடக்கிறது. என்னைவிட ஒல்லியான ஆட்கள் செய்தும் காட்டுகிறார்கள். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து, பெண்கள் கபடி அணியைக் கட்டி மேய்த்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். தவறு. மூக்குக்கு வருவதற்குள் வாய்க்கு வந்துவிடும். அதனால் சுற்றி வளைக்காமல் ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு ஆட்டக்காரியின் பெயருக்கு எதிரே நாம் எழுதும் எண்ணை எப்படிப் படிப்பது, எப்போது அதை நம்பக் கூடாது என்பதுதான் அது.

உங்களில் கிரிக்கெட், வாலிபால் ஆட்களும் இருப்பீர்கள். கபடியில் ஒரு விதியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ரெய்டர் எதிர்ப் பக்கம் பாடிக்கொண்டு போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு பாயிண்ட். தொடப்பட்டவள் வெளியே போய் நாற்காலியில் உட்கார வேண்டும். கூடவே, நம் பக்கத்தில் ஏற்கெனவே அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் முதலில் போனவள் எழுந்து உள்ளே வரலாம். ரெய்டரைத் திரும்ப விடாமல் பிடித்துவிட்டால் அவள் அவுட், பிடித்த அணிக்கும் இதே கணக்குதான். இன்னொரு வழியும் உண்டு. எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போது, அவர்கள் பக்கத்தில் உள்ள போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டு ஓடி வந்தால் அதற்கும் ஒரு பாயிண்ட். யாரையும் தொட வேண்டாம், அடிபட வேண்டாம். ஆனால் போனஸ் பாயிண்ட்டுக்கு நம் ஆள் யாரும் உள்ளே வர முடியாது. வெளியே இருப்பவள் வெளியேதான். இவ்வளவு போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தேன்மொழி பிள்ளைப்பாக்கத்துப் பெண். அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவள் பி.காம். சேர்ந்த முதல் வாரமே மைதானத்துக்கு வந்து, "மேம், நான் ரெய்டர்" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகவே சொன்னாள். கால் நீளம். எதிராளி மூச்சு விடுவதற்குள் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து நிற்பாள். முதல் வருடம் எங்கள் வட்டாரக் கல்லூரிகளில் அதிகப் பாயிண்ட் எடுத்த பெண் அவள்தான். மாலை போட்டார்கள், கல்லூரி வாசலில் பேனர் வைத்தார்கள். பேனரில் அவள் படத்தைவிடத் தாளாளர் படம் பெரியது. அது எப்போதும் அப்படித்தான்.

அந்தத் தாளாளர்தான் அடுத்த கூத்துக்கும் காரணம். நல்ல மனிதர், ஆனால் எதைப் பார்த்தாலும் தன் கல்லூரியிலும் வேண்டும் என்பார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு உற்பத்தி லைனுக்கும் தலைக்கு மேல் ஒரு போர்டு தொங்கியதாம். இன்றைய இலக்கு இவ்வளவு, முடிந்தது இவ்வளவு. மனிதர் சொக்கிப் போய்விட்டார். மறுவாரம் கேன்டீன், நூலகம், மைதானம் என்று எல்லா இடத்திலும் போர்டு. நூலகத்தில் இலக்கு எதற்கு என்று நூலகர் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. எங்கள் கபடி போர்டில் ஒவ்வொருத்தி பெயருக்கு எதிரேயும் இரண்டு கட்டம். ஒன்று "இலக்கு", இன்னொன்று "எடுத்தது".

தொழிற்சாலையில் அந்தப் போர்டு எதற்கு உதவுமோ எனக்குத் தெரியாது. கபடி மைதானத்தில் அதை மாட்டினால் எல்லாப் பெண்களும் போனஸ் கோட்டுக்கு ஓடுவார்கள். அடிபடாமல் பெயருக்கு எதிரே ஒன்று ஏறுகிறது, யார்தான் விடுவார்கள்? போர்டில் எண்கள் மளமளவென்று ஏறின. மேட்சுகளில் தோற்றுக்கொண்டிருந்தோம். தாளாளருக்கு அது ஒரு புதிராகவே இருந்தது.

இதற்கு நடுவில் இரண்டாம் வருடம் தேன்மொழியின் எண் மட்டும் இறங்க ஆரம்பித்தது. போன வருட நட்சத்திரம், இந்த வருடம் போர்டில் பாதிக்குக் கீழே. ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். தாளாளர், "போன்" என்றார். வகுப்பாசிரியை, "லவ்வா இருக்கும்" என்று என் காதோடு சொன்னார். அவள் அம்மா பேனர் வைத்ததால் கண்பட்டுவிட்டது என்று திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். நான் என் பங்குக்குத் திமிர் என்று முடிவு கட்டி, அவளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். சிரித்துக்கொண்டே ஓடினாள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எனக்கு உண்மை தெரிய வந்தது என் முட்டி வலியால். ஒரு மேட்சில் நிற்க முடியாமல், அவுட்டானவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி வரிசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தனை வருடத்தில் அங்கே உட்கார்ந்து நான் ஆட்டம் பார்த்ததே இல்லை. முதல் நாற்காலியில் கோமதி இருந்தாள். தென்காசிப் பக்கமிருந்து வேலைக்காக மறைமலை நகருக்கு வந்த குடும்பத்துப் பெண். எங்கள் லெஃப்ட் கார்னரில் நிற்பவள். வந்த ரெய்டரின் கணுக்காலைப் பிடித்தால் விட மாட்டாள். ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அவசரப்பட்டுப் பாய்ந்து, முதல் ஆளாக அவுட்டாகி வந்துவிடுவாள்.

"ஏண்டி, இந்தச் சேரை உன் பேருக்கு எழுதி வெச்சிருக்கா?" என்றேன்.

"நான் என்ன செய்ய மேம்? காலைக் கண்டா கை சும்மா கிடக்க மாட்டேங்கு" என்றாள் கோமதி. "கவலப்படாதீங்க. தேனு இப்பம் என்னைய உள்ள கூப்டுருவா."

அப்போது தேன்மொழி ரெய்டு போனாள். போனஸ் கோடு திறந்து கிடந்தது. ஒரு எட்டு வைத்தால் பாயிண்ட். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நடுவில் நின்றவளை வம்புக்கு இழுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்கத் திரும்பி வந்து விழுந்தாள். கோமதி எழுந்து உள்ளே ஓடினாள். அடுத்து வந்த எதிர் ரெய்டரின் கணுக்காலைப் பிடித்தாள். நாங்கள் முன்னிலைக்கு வந்தோம். எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது.

மேட்ச் முடிந்ததும் அவளைப் பிடித்தேன்.

"போனஸ் கோடு சும்மா கெடந்துச்சு. ஏண்டி வுட்ட?"

"எடுத்தா எனுக்கு ஒண்ணு ஏறும் மேம். ஆனா கோமதி அங்கியே குந்திகினு இருப்பா. அடுத்தாப்ல அவங்காளு வந்து இன்னொருத்திய தொட்டுனு போவும். அப்பால அஞ்சு பேரா நின்னுகினு நாங்க இன்னா பண்றது?"

"போர்டுல உன் பேரு கீழ போயிட்டே இருக்கு. பாத்தியா?"

"பாத்தேன் மேம்." முழங்கைச் சிராய்ப்பைத் தடவிக்கொண்டாள். "கோமதி உள்ள இல்லாட்டி எனுக்குப் பயமா கீது மேம்."

அவ்வளவுதான் விஷயம். போன் இல்லை, லவ் இல்லை, பூசணிக்காய் வீண். முதல் வருடம் அவள் தன் காலை மட்டும் நம்பி ஆடினாள். இரண்டாம் வருடம், ரெய்டு போவதற்கு முன் நாற்காலி வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள். ஒரு ரெய்டர் வளர்வது என்றால் இதுதான். அதைப் போய் நாங்கள் எல்லாரும் சரிவு என்று போர்டில் எழுதி வைத்திருந்தோம்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு டார்கெட்ல பாதிகூட வரல மேடம். சப்ஸ்டிட்யூட்ல போட்டுடுங்க" என்றார். வாய்க்கு வந்ததை எல்லாம் விழுங்கினேன். அவர் போர்டைக் குறை சொன்னால் கதவு சாத்திவிடும் என்று தெரியும். அதனால், "சார், போர்டு பிரமாதம். இன்னும் ஒரு கட்டம் சேர்த்தா முழுசாயிடும்" என்றேன். என்ன கட்டம் என்றார். "உள்ளே கூப்பிட்டது" என்றேன். அவர் தொழிற்சாலை பார்த்துவிட்டு வந்தவர் அல்லவா, "யூனிட் என்ன?" என்று கேட்டார். "ஆள் சார்" என்றேன். புதிய கட்டம் என்றால் அவரால் மறுக்க முடியாது, ஒப்புக்கொண்டார். அந்தக் கட்டத்தில் தேன்மொழி முதலில் நின்றாள். அடுத்து வந்த விருந்தாளிகளிடம் அதைத் தன் யோசனை என்று சொல்லிக் காட்டினார். போகட்டும், எனக்கு வேண்டியது பெண் அணியில் இருப்பது.

இப்போது உண்மையான சோதனைக்கு வருகிறேன். தேன்மொழிக்கு ஒரு அக்கா உண்டு. அவளும் என் மாணவிதான், நல்ல ஓட்டக்காரி. படிப்பு முடிந்து காண்ட்ராக்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வாராவாரம் ஷிஃப்ட் மாறும், கூடவே ஓ.டி. வரும். அதோடு அவள் ஓட்டம் நின்றுபோனது. அவள் ஸ்பைக் ஷூ வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடக்கிறது என்று தேன்மொழி ஒரு நாள் சொன்னாள். "எனுக்கு அது மாதிரி ஆவக் கூடாது மேம். நான் ஆடணும்" என்றாள். ஆடுவதற்கு ஒரே வழி, ஒரகடத்தில் பெண்கள் கபடி அணி வைத்திருந்த ஒரு உதிரிபாகக் கம்பெனி. எடுத்தால் நிரந்தர வேலை, சாயங்காலம் பயிற்சி, ஊர் ஊராக மேட்ச். அந்த வருடம் அவர்கள் எடுக்கப்போவது ஒரே ஒருத்தியை.

தேர்வு நாளன்று கம்பெனி மைதானத்தில் பல கல்லூரிப் பெண்கள் வந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களைக் கலந்து இரண்டு அணியாகப் பிரித்தார்கள். விளையாட்டு அதிகாரி ஒருவர் மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லைன் சூப்பர்வைசராக இருந்து அந்த வேலைக்கு வந்தவராம். எடுக்கும் பாயிண்ட் எல்லாம் அவரவர் பெயரில் ஏறும் என்று அறிவித்தார். எங்கள் தாளாளரின் போர்டு இங்கேயும் வந்துவிட்டது.

தேன்மொழி முதல் ரெய்டிலேயே ஒருத்தியைத் தொடப் போய்ப் பிடிபட்டாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் பிறகு நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பக்கமும் போனஸ், போனஸ், போனஸ். கடற்கரையில் கால் நனைக்க வந்தவர்களைப் போல ஒவ்வொருத்தியும் போய்க் காலை வைத்துவிட்டு ஓடி வருகிறாள். யாரும் யாரையும் தொடவில்லை. பிடிக்கப் போனால் அவுட்டாகிப் பெயர் கெடும் என்று யாரும் யாரையும் பிடிக்கவும் இல்லை. மைதானம் நிறைய ஆட்கள், நாற்காலியில் இவள் ஒருத்தி மட்டும். இவள் அணியிலேயே சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து வந்த ரோஸ்லின் என்று ஒரு கெட்டிக்காரி இருந்தாள். வேகம் என்றால் அப்படியொரு வேகம். எதிரணி ரெய்டு வரும்போது கார்னரில் நிற்பவள். அவள் பெயரில் மட்டும் பாயிண்ட் கொட்டியது. முதல் பாதி முழுக்கத் தேன்மொழி உட்கார்ந்தே இருந்தாள். டேப்லெட்டில் அவளுக்கு எதிரே பூஜ்யம்.

இடைவேளையில் என் கால் தானாக அதிகாரி மேசைப் பக்கம் நடந்தது. போர்டு, போனஸ், தாளாளர் என்று எல்லாவற்றையும் சேர்த்து அவர் தலையில் கொட்டலாம் என்றுதான் போனேன். மேசைக்கு நான்கு எட்டு முன்னால் நின்றேன். அத்தனை பேர் முன்னால் அவர் முறை தவறு என்று சொன்னால், அவர் அதை விட்டுக் கொடுக்க முடியாது. கோபம் என்னுடையது, வேலை அவளுடையது. அவர் தயங்காமல் கொடுக்கக்கூடிய ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். "சார், உக்காந்திருக்கிற பொண்ணை எப்படிப் பார்ப்பீங்க? ரெண்டாவது பாதியை ரெண்டு பக்கமும் எல்லாரையும் உள்ள வெச்சு ஆரம்பிக்கலாமா?" என்றேன். "தாராளமா மேடம்" என்றார். அவ்வளவு சுலபம். நான் கத்தியிருந்தால் கிடைத்திருக்காது. பிள்ளைகளே, என் பணிக்காலத்தில் நான் வாயை அடக்கிய நாட்கள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

இரண்டாம் பாதியில், எதிர் ரெய்டர் ஒருத்தி துணிந்து வந்து ரோஸ்லினைத் தொட்டுவிட்டுப் போனாள். ரோஸ்லின் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்து தேன்மொழியின் ரெய்டு. எதிரே முழு அணி நிற்கிறது. போனஸ் கோடு விரிந்து கிடக்கிறது. நானோ இரண்டு வருடமாகப் போனஸைத் திட்டியவள். அன்று நெஞ்சுக்குள், "கோட்டைத் தாண்டுடி, ஒரே ஒரு எட்டு வைடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு.

தொட்டுவிட்டுத்தான் வந்தாள். ரோஸ்லின் எழுந்து உள்ளே வந்தாள், வந்த வேகத்தில் போனஸாக எடுத்துத் தள்ளினாள். மறுபடி அவுட்டானாள், மறுபடி தேன்மொழி அவளை உள்ளே கொண்டு வந்தாள். கடைசியில் டேப்லெட்டில் முதல் பெயர் ரோஸ்லின். ஒரே வேலை, அது அவளுக்குப் போனது. அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணியதை வைத்துத்தான் அவர் எடுத்தார்.

கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டே பஜ்ஜி தின்றாள். அழுகை வந்தாலும் பசி பசிதான். அப்போது ரோஸ்லின் பையை மாட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷத்தையே காணோம், சண்டைக்கு வருகிறவள் மாதிரி இருந்தாள்.

"நீ இன்னா லூசா? ஒரே ஒரு போஸ்ட்டுன்னு உனுக்குத் தெரியாதா? என்னிய எதுக்கு உள்ள கூப்ட?" என்றாள்.

"நீ வெளிய இருந்தா கார்னர்ல யாரு நிப்பா?" என்றாள் தேன்மொழி, பஜ்ஜியை விழுங்கிவிட்டு. "எனுக்குப் பயமா கீதுல்ல."

ஷேர் ஆட்டோக்காரர், "சிங்கப்பெருமாள் கோவில், ஒரு ஆளு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோஸ்லின் ஏறிக்கொண்டாள். ஆட்டோ திரும்பும்வரை எங்களையே பார்த்துக்கொண்டு போனாள்.

தேன்மொழி தன் அக்கா வேலை செய்யும் கம்பெனியிலேயே காண்ட்ராக்டில் சேர்ந்தாள். முதலில் லீவு நாளில் மைதானத்துக்கு வந்தாள். பிறகு அதுவும் குறைந்தது. ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தபோது ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ஒரு பாவமும் அறியாத என் கணவரைக் கரித்துக் கொட்டினேன்.

சில மாதம் கழித்து அந்த விளையாட்டு அதிகாரியிடமிருந்து போன். அவர் அணியில் ஒரு பெண் கல்யாணமாகி வெளியூர் போகிறாளாம், ஒரு இடம் காலி. "ரோஸ்லின் வந்து என் டேபிள் முன்னாடி நிக்குது மேடம். உங்க காலேஜ் பொண்ணு ஒண்ணைச் சொல்லுது. எனக்கு ஞாபகம் இல்ல, எடுத்துப் பாத்தா பாயிண்ட்டும் கம்மி. ஏம்மான்னு கேட்டா, அது இன்னா சொல்லுது தெரியுமா?" அவர் குரலில் சிரிப்பு. "'மேட்ச்சுக்கு மேட்ச் நான் வெளியவே குந்திகினு கீறேன் சார். எல்லாரும் போனஸ் எடுத்துனு வராங்க, என்னிய உள்ள கூப்ட நாதி இல்ல. அந்தப் பிள்ளைப்பாக்கம் பொண்ண எடுங்க'ங்குது."

வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு வாய் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "எங்க லைன்ல ரிலீவர்னு ஒருத்தர் இருப்பார் மேடம். யாராவது எழுந்து போனா அந்த எடத்துல நிப்பார். அவர் பேர்ல ஒரு பீஸ் ஏறாது. அவர் லீவு போட்டாதான் லைன் நிக்கும். அந்த மாதிரியா இந்தப் பொண்ணு?"

"அதே மாதிரிதான் சார்" என்றேன். "இவ்ளோ தெரிஞ்சவர் அன்னிக்கு என்ன சார் எண்ணிக்கிட்டு இருந்தீங்க?" வாய் திரும்பி வந்துவிட்டது. நல்லவேளை, அவர் சிரித்தார். தேன்மொழியைக் கூப்பிட்டு, ஆடவிட்டுப் பார்த்து, எடுத்துக்கொண்டார்.

இனி நீங்கள் அணித் தேர்வுக்கு உட்காரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பாயிண்ட்டை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணி முடித்ததும் எழுந்து போய், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம், "உன்னை உள்ளே கூப்பிடுவது யார்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தேன்மொழியும் ரோஸ்லினும் சேர்ந்து ஆடிய முதல் மேட்ச் மறைமலை நகரில் நடந்தது. ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை, போனேன். பழக்கதோஷத்தில் நாற்காலி வரிசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மேட்சில் கம்பெனி அணி தோற்றது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் நடுவில் தேன்மொழி பிடிபட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வணக்கம் மேம்" என்றாள், மூச்சு வாங்க. அடுத்த ரெய்டு ரோஸ்லின். எதிரே ஏழு பேர். போனஸ் கோடு அவள் காலடியில் இருந்தது. கால் கோட்டுக்கு மேல் போயும்விட்டது. அங்கேயே, காற்றிலேயே நின்றது. ஒரு தடவை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கார்னரில் நின்றவள் மீது பாய்ந்து தொட்டாள். மூன்று பேர் அவள் மேல் விழுந்தார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து, நடுக்கோட்டில் விரல் நுனியை வைத்தாள். நடுவர் கையைத் தூக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது. தேன்மொழி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தரையில் குப்புறக் கிடந்த ரோஸ்லின் தலையை மட்டும் தூக்கி அவளைப் பார்த்துச் சொன்னாள்.

"சீக்கிரம் வாடி. எனுக்குப் பயமா கீது."